கருங்கல் கோட்டையைத் தேடுகிறோம், மண்கோட்டையை மறக்கிறோம்

ஜொகூரின் பழைய கோட்டைகளையும் அரண்மனைகளையும் சென்று காண்பது குறித்துத் தொலைக்காட்சி உரையரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜொகூரில் இருக்கும் நம் குடும்பங்கள் எங்கே போகின்றன? கோத்தா திங்கி அருவிக்குப் போகிறோம். டெசாரு கடற்கரைக்குப் போகிறோம். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் தமிழ்நாட்டுக்குப் போய்த் தஞ்சாவூர் அரண்மனையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இன்னும் வசதி உள்ளவர்கள் ஜெர்மனிக்கே போய், மலையுச்சியில் நிற்கும் கோட்டைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இதில் குறை ஒன்றும் இல்லை. காசு இருக்கிறது, கால் இருக்கிறது, போய்ப் பார்க்கட்டும்.

ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். டெசாருவுக்குப் போகும் வழியில் ஜொகூர் ஆற்றைக் கடக்கிறோமே, அந்த ஆற்றின் கரையில் ஐந்நூறு ஆண்டு வரலாறு கொண்ட ஒரு கோட்டை இருக்கிறது. அதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அதன் பெயர் கோத்தா ஜொகூர் லாமா. பழைய ஜொகூர்க் கோட்டை என்று பொருள். பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்பவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

அதே ஆற்றைப் பற்றி இன்னொரு கோட்டையின் பெயரைச் சொன்னால் நம்மவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். அது கோத்தா கெலாங்கி. இந்த இரண்டு கோட்டைகளைப் பற்றித்தான் இன்று முதலில் பேசப் போகிறேன். ஒன்றை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மற்றொன்று நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

சோழன் உடைத்த கோட்டை

மலாய் இலக்கியத்தின் தலைசிறந்த வரலாற்று நூல் செஜாரா மெலாயு. அதை 1612ஆம் ஆண்டு தொகுத்துச் செம்மைப்படுத்தியவர் துன் ஸ்ரீ லானாங். அவர் ஜொகூரின் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர். இந்த ஆற்றங்கரையில் தலைநகர் இருந்த காலத்தில் வாழ்ந்தவர்.

அந்த நூலில் ராஜா சூலான் என்று ஓர் அரசன் வருகிறான். இந்திய நாட்டிலிருந்து பெரும்படையோடு வருகிறான். கங்கா நகரத்தை வெல்கிறான். பிறகு ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல்லால் ஆன ஒரு கோட்டையைத் தாக்கி வெல்கிறான். அந்தக் கோட்டை இன்னும் இருக்கிறது என்றும் நூல் சொல்கிறது. சூலான் என்ற பெயரில் சோழன் என்ற சொல் ஒலிக்கிறது அல்லவா? 1025ஆம் ஆண்டு இராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் மீது பாய்ந்ததும், கடாரம் உட்படப் பல ஊர்களை வென்றதாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுவதும் நமக்குத் தெரியும். அந்தப் படையெடுப்பின் நினைவுதான் கதையாகி இந்த நூலில் பதிந்திருக்கிறது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

2004ஆம் ஆண்டு ரைமி சே ரோஸ் என்ற ஆய்வாளர், பழைய சுவடிகளையும் வானிலிருந்து எடுத்த படங்களையும் வைத்து, இந்தத் தொலைந்த நகரம் ஜொகூர்க் காட்டுக்குள் இருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். 2005இல் நாட்டின் நாளேடுகள் அதைப் பெரிய செய்தியாக வெளியிட்டன. நம் மக்களிடையே அது எழுப்பிய உற்சாகம் கொஞ்சநஞ்சம் அல்ல. கடைத்தெருவிலும் கோயில் திருவிழாவிலும் அதே பேச்சு. 2006இல், அப்படி ஒரு நகரம் இருந்ததற்கான சான்று கிடைக்கவில்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள்.

அதன் பிறகு என்ன நடந்தது? மறைத்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் சொன்னது. இன்றைக்கும் கைப்பேசியில் அந்தச் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. பகாங் மாநிலத்தில் ஜெராண்டுட் பக்கம் கோத்தா கெலாங்கி என்ற பெயரிலேயே சில குகைகள் இருக்கின்றன. அந்தக் குகைப் படங்களைக்கூட ஜொகூர்க் கோட்டை என்று சொல்லி அனுப்பிவிட முடியும். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோத்தா கெலாங்கி கிடைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். நாளைக்கே ஒரு கல்வெட்டு கிடைக்கட்டும், முதல் வண்டியில் ஏறிப் போவேன். ஆனால் கிடைக்காத கோட்டைக்காகச் சண்டை போடுகிற நாம், கிடைத்திருக்கிற கோட்டையின் பக்கம் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

மண்ணை இளக்காரமாக நினைக்காதீர்கள்

இப்போது ஜொகூர் லாமாவுக்குப் போவோம். கோத்தா திங்கி நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை. முடிவில் ஆற்றங்கரையில் ஒரு சிறிய மலாய்க் கிராமம்.

1511இல் போர்த்துகீசியர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். நாட்டை இழந்த சுல்தான் மாமுட் ஷா பல இடங்களில் இருந்து போராடி, 1528இல் சுமத்ராவில் காலமானார். அவருடைய மகன் சுல்தான் அலாவுதீன் ரியாயாட் ஷா ஜொகூர் ஆற்றுப் பக்கம் வந்து புதிய அரசை அமைத்தார். 1540ஆம் ஆண்டு வாக்கில் ஜொகூர் லாமா தலைநகரானது.

ஏன் இந்த இடம்? அங்கே போய் நின்றால் விடை தானாகத் தெரியும். ஆற்றை ஒட்டி உயர்ந்த மேடு. மேலே நின்று பார்த்தால் கீழே வரும் கப்பல் தெரியும். வணிகக் கப்பல் என்றால் வரவேற்கலாம். போர்க்கப்பல் என்றால் பீரங்கியைத் திருப்பலாம். ஆறுதான் அந்தக் காலத்து நெடுஞ்சாலை. கோட்டை அதன் சுங்கச் சாவடி.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 1564இல் அச்சே நாட்டுப் படை தாக்கி, சுல்தானையே பிடித்துக்கொண்டு போனது. ஊர் மறுபடி எழுந்தது. 1587இல் டோம் பாவுலோ டி லீமா பெரேரா தலைமையில் போர்த்துகீசியர்கள் பெரும்படையோடு வந்தார்கள். கடும் சண்டைக்குப் பிறகு கோட்டை விழுந்தது, நகரம் தீக்கிரையானது. ஜொகூர் அரசு ஆற்றின் மேலே பத்து சாவார் என்ற இடத்துக்குத் தலைநகரை மாற்றிக்கொண்டது. அந்த அரசு அழிந்தா போயிற்று? இல்லை. 1641இல் டச்சுக்காரர்களோடு சேர்ந்து, போர்த்துகீசியர்களை மலாக்காவிலிருந்தே விரட்டியது.

சரி, இப்போது அங்கே போனால் என்ன தெரியும்? இதைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றம் வரும். வானளாவிய கோபுரம் கிடையாது. அகழி மேல் தொங்கு பாலம் கிடையாது. புல் முளைத்த நீண்ட மண் அணைதான் இருக்கிறது. பிள்ளைகள், இதுவா கோட்டை, இது திடல் ஓரத்து மேடு மாதிரி இருக்கிறதே என்பார்கள்.

அங்கேதான் பெற்றோர் பேச வேண்டும். பீரங்கிக் குண்டு கல் சுவரில் பட்டால் கல் உடைந்து சிதறும். மண் அணையில் பட்டால் மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். இராத்திரியோடு இராத்திரியாக ஓட்டையை அடைத்துவிடலாம். நம் வீரபாண்டிய கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எதனால் கட்டியது? மண்ணால்தான். 1801இல் ஊமைத்துரை அதே மண்கோட்டையை மீண்டும் எழுப்பி நின்றபோது, ஆங்கிலேயரின் பீரங்கிகள் எப்படித் திணறின என்பதை அந்தப் போரில் இருந்த ஆங்கிலேய அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். பிறகு அந்தக் கோட்டையை இருந்த இடம் தெரியாமல் இடித்தார்கள். இன்று அங்கே நாம் பார்ப்பது 1974இல் தமிழ்நாட்டு அரசு கட்டிய நினைவுக் கோட்டை. ஜொகூர் லாமாவிலோ, பழைய அணையின் மேட்டையே பார்க்கிறோம். 1950களிலும் 1960இலும் அங்கே அகழாய்வு செய்தார்கள். சீனப் பீங்கான் துண்டுகளும் உள்ளூர் மண்பாண்டங்களும் கிடைத்தன. பக்கத்தில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. முதலில் அதற்குள் போய் வரைபடத்தைப் பாருங்கள், பிறகு மேட்டில் நடங்கள். கண்ணுக்கு அப்போதுதான் கோட்டை தெரியும்.

அரசன் வீடு எங்கே போயிற்று?

கோட்டை மேடு இருக்கிறது, அரண்மனை எங்கே என்று கேட்பீர்கள். அரண்மனை மரத்தால் ஆனது. தூண் மரம், சுவர் பலகை, கூரை ஓலை. எரித்தால் எரிந்துவிடும், எரிக்காவிட்டாலும் மழையும் கறையானும் தின்றுவிடும்.

இது மலாய் அரசர்களுக்கு மட்டும் நேர்ந்ததா? இராஜேந்திர சோழன் அரண்மனையைப் பார்க்கலாம் என்று கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். கோயில் கம்பீரமாக நிற்கிறது. அரண்மனை? கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில் மாளிகைமேடு என்று ஓர் இடம். அங்கே தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் அடித்தளம்தான் கிடைத்தது. கடல் கடந்து படை நடத்திய பேரரசனின் வீடு ஒரு மேடாகிவிட்டது! கோயில் என்ற சொல்லுக்கே கோவின் இல், அரசனின் வீடு என்றுதான் முதற்பொருள் சொல்வார்கள். ஆனால் தெய்வத்தின் வீட்டைக் கருங்கல்லில் கட்டிய சோழன், தன் வீட்டைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டான். ஆகவே ஜொகூரில் ஒன்றுமே இல்லை, எல்லாம் மண்மேடு என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், மாளிகைமேட்டை நினைவுபடுத்துங்கள். இரண்டு மேடுகளும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன.

மரத்தில் கட்டிய அரண்மனை பிழைத்ததும் உண்டு. குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை ஒன்று. நம் நாட்டில் நெகிரி செம்பிலானில் ஸ்ரீ மெனாந்தி அரண்மனை. பழைய அரண்மனையை ஆங்கிலேயப் படை 1870களில் எரித்துவிட்டது. அதன் பிறகு கட்டி 1908இல் முடித்த மர அரண்மனை, 99 தூண்கள் மேல், இரும்பு ஆணி இல்லாமல், மரத்தோடு மரம் பொருத்தி நிற்கிறது. ஜொகூரிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். ஜொகூர் லாமாவில் எரிந்துபோன அரண்மனை எப்படிப்பட்ட கைவேலையில் எழுந்திருக்கும் என்று கற்பனை செய்ய, இதைப் பார்த்தால் ஒரு பிடி கிடைக்கும்.

ஒரு பலாச்சுளை

ஜொகூர் லாமாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கோத்தா திங்கியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கம்போங் மாக்காம் என்று ஒரு கிராமம். அங்கே 1699இல் கொல்லப்பட்ட சுல்தான் மாமுட் ஷாவின் கல்லறை இருக்கிறது. மலாக்கா அரச மரபின் கடைசி ஜொகூர் சுல்தான் அவர். அவரை மங்காட் டிஜூலாங் என்று அழைப்பார்கள். பல்லக்கில் சுமந்து சென்றபோது உயிர்விட்டவர் என்று பொருள்.

வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. மெகாட் ஸ்ரீ ராமா என்ற கடற்படைத் தலைவன் வெளியே போயிருந்த நேரம். கருவுற்றிருந்த அவன் மனைவிக்கு மசக்கை. அரசனுக்குரிய பலாப்பழத்தில் ஒரு சுளை கேட்டு வாங்கித் தின்றுவிட்டாள். அதற்காக அவள் வயிற்றைக் கிழிக்க அரசன் ஆணையிட்டான். கணவன் திரும்பி வந்தான், செய்தி அறிந்தான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பல்லக்கில் போன அரசனைக் குத்தினான். அரசன் எறிந்த கிரிஸ் கத்தியால் அவனும் மாண்டான்.

கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்பது வேறு விஷயம். அரசன் 1699இல் கொல்லப்பட்டதும், அதன் பிறகு பெண்டஹாரா குடும்பம் அரியணை ஏறியதும் வரலாறு. அந்தக் குடும்பத்தின் கிளையில் வந்த தெமெங்கோங் மரபுதான் இன்றைய ஜொகூர் அரச குடும்பம். ஆனால் என் மனத்தைத் தொட்டது வேறு ஒன்று. அரசனின் கல்லறையும் கோத்தா திங்கியில்தான். அவனைக் கொன்ற தளபதியின் கல்லறையும் கோத்தா திங்கியில்தான். மக்கள் இரண்டையும் காத்து வைத்திருக்கிறார்கள். அநீதி இழைத்த மன்னன் முன் சிலம்பை உடைத்த கண்ணகியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியக் கதையா? எந்த மொழிபெயர்ப்பும் வேண்டாம், கேட்டவுடன் புரியும்.

ஒரு வேண்டுகோள். அங்கே போகும்போது கல்லறைக்குரிய மரியாதையோடு போங்கள். அடக்கமான உடை, அமைதியான பேச்சு. அங்குள்ள பெரியவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, பாக் சிக் என்று அழைத்துப் பேசுங்கள். ஏட்டில் இல்லாத செய்தியை அவர்கள் சொல்வார்கள்.

நீரிணையைப் பார்த்த மாளிகை

அடுத்து ஜொகூர் பாரு. 1855இல் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் தஞ்சோங் புத்ரி என்ற மீன்பிடிக் கிராமத்தில் ஊர் அமைத்தார். அவர் மகன் அபு பக்கார் 1866இல் அதற்கு ஜொகூர் பாரு, அதாவது புதிய ஜொகூர் என்று பெயர் சூட்டினார். பழைய ஜொகூர் இருந்ததால்தானே புதிய ஜொகூர்! நாம் தினமும் சொல்லும் ஊர்ப்பெயரிலேயே ஆற்றங்கரைக் கோட்டையின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே 1866இல் அவர் கட்டிய மாளிகைதான் இஸ்தானா பெசார், பெரிய அரண்மனை. ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி, பரந்த தோட்டத்தின் நடுவே நிற்கிறது. 1885இல் அவர் சுல்தான் பட்டத்தை ஏற்றார். 1895இல் ஜொகூருக்கு எழுத்துவடிவ அரசியல் சட்டம் தந்தார். அதே ஆண்டு இலண்டனில் காலமானார். மற்ற மலாய் அரசுகள் ஒவ்வொன்றாக ஆங்கிலேய ஆலோசகரின் பிடிக்குள் போன காலத்தில், தன் நாட்டைத் தானே ஆளத் தெரிந்தவர் என்று வெள்ளையருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. ஆகவே அந்த மாளிகையின் ஐரோப்பியத் தூணையும் படிக நாற்காலியையும் வெறும் ஆடம்பரமாகப் பார்க்காதீர்கள். ஜொகூர் லாமாவில் மண் அணை செய்த வேலையை இங்கே மாளிகை செய்தது. இரண்டுமே தற்காப்புதான்.

1990இல் இந்த அரண்மனையில் சுல்தான் அபு பக்கார் அரச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இடையில் புனரமைப்புக்காக நீண்டகாலம் மூடியிருந்ததால், போகுமுன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். உள்ளே போக முடியாத நாளிலும், 1892இல் தொடங்கி 1900இல் கட்டி முடிந்த சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலை அருகிலேயே பார்க்கலாம்.

மேற்கே சற்றுத் தள்ளி புக்கிட் செரீன் அரண்மனை. 1930களில் கட்டியது. இது அரச குடும்பத்தின் இல்லம். பொதுமக்கள் உள்ளே போக முடியாது. ஆனால் அதன் கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்க்கலாம். 1942 ஜனவரி 31ஆம் தேதி ஆங்கிலேயர் பின்வாங்கி, ஜொகூர்ப் பாலத்தை உடைத்தார்கள். ஜப்பானியத் தளபதி யமாஷித்தா இந்த அரண்மனையில் தங்கி, கோபுரத்தின் மேலிருந்து சிங்கப்பூரைக் கண்காணித்தார். பிப்ரவரி 8ஆம் தேதி இரவு தாக்குதல் தொடங்கியது. 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அதன் பின்விளைவு நம் தோட்டங்களில் எப்படி இறங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை. சயாம் மரண இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் தாத்தாவின் விதி எழுதப்பட்ட கோபுரங்களில் அதுவும் ஒன்று.

நமக்கு என்ன சம்பந்தம்?

இவ்வளவு சொன்ன பிறகும் சில இளைஞர்கள் கேட்பார்கள்: ஐயா, இதெல்லாம் மலாய் ராஜாக்கள் கதை. பால்மரம் வெட்ட வந்த நமக்கும் அரண்மனைக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. பதிலுக்குப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போவோம். ஆர்ச்சர்ட் சாலையில் இருக்கும் இஸ்தானா இன்று சிங்கப்பூர் அதிபரின் மாளிகை. 1867 முதல் 1869 வரை ஆங்கிலேய ஆளுநருக்காகக் கட்டியது. வரைந்தவர் மெக்நேர் என்ற அதிகாரி. கட்டியது யார்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். செங்கல் அறுத்தார்கள், கல் உடைத்தார்கள், மரம் இழைத்தார்கள். அதற்கு முன்பே புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியதும் இந்தியக் கைதிகள்தான். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். மதராஸ் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். நம் ஊர்க் கொத்தனாரின் கைப்பக்குவம்.

தீபாவளி உள்ளிட்ட சில விழாக்களை ஒட்டி அந்த மாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. அடுத்த முறை போகும்போது விளக்கையும் விரிப்பையும் மட்டும் பார்க்காமல் சுவரையும் பாருங்கள். அதைப் பூசியவன் பெயர் எந்தப் பலகையிலும் இருக்காது. கட்டியவனை நினைக்க அவன் இனத்தான் ஒருவனாவது அங்கே நிற்க வேண்டாமா?

ஜொகூர் பாருவில் இன்று உலகத்தார் வந்து பார்க்கும் கண்ணாடிக் கோயில், அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம், 1922இல் அன்றைய சுல்தான் வழங்கிய நிலத்தில் எழுந்தது என்பது அந்த ஆலயத்தின் வரலாறு. அரண்மனைக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று இனியும் சொல்ல முடியுமா?

அடுத்த ஐம்பது ஆண்டுகளில்

ஜெர்மனியைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். அங்கே 1993 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறன்று, வழக்கமாகப் பூட்டியிருக்கும் பழைய கட்டடங்களைக்கூட மக்களுக்குத் திறந்து காட்டுகிறார்கள். பெரிய கோட்டை மட்டும் அல்ல, கிராமத்துப் பழைய ஆலை, பண்ணை வீடு, தொழிற்கூடம் எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். பெரும்பாலும் உள்ளூர்த் தொண்டர்கள்தான் நின்று விளக்குகிறார்கள். ஊர்க்காரன் தன் ஊரைத் தானே காட்டுகிறான்.

நாமும் இதைச் செய்யலாம். மூன்று காரியங்கள் சொல்கிறேன்.

முதலாவது, ஜொகூரில் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு முறை பேருந்து ஏற்பாடு செய்து, காலையில் ஜொகூர் லாமா, மதியம் கம்போங் மாக்காம், மாலையில் ஜொகூர் பாரு என்று பிள்ளைகளை அழைத்துப் போகட்டும். அருவிக்கும் போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை!

இரண்டாவது, பிள்ளைகளிடம் கேள்விகளைக் கொடுத்து அனுப்புங்கள். இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள்? எதனால் கட்டினார்கள்? யார் கட்டினார்கள்? எப்படி அழிந்தது? இந்த நான்கு கேள்விகளும் கையில் இருந்தால் புல்மேடும் பேசும்.

மூன்றாவதுதான் முக்கியம். இதே நான்கு கேள்விகளை நம் தோட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். ஜொகூரில் எத்தனை தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன என்பது உங்களுக்குத் தெரியும். லயத்து வீடு, பெரட்டுக்களம், ஆலை, துரை பங்களா, மரத்தடிக் காளியம்மன் கோயில் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அவை பலகை வீடுகள். ஜொகூர் லாமா அரண்மனையைப் போலத்தான் மறையும். ஆனால் ஜொகூர் லாமாவைப் பற்றிச் செஜாரா மெலாயு இருக்கிறது, போர்த்துகீசியர் எழுதி வைத்தது இருக்கிறது, அகழாய்வு அறிக்கை இருக்கிறது. நம் தோட்டத்தைப் பற்றி என்ன இருக்கிறது? பாட்டியின் நினைவு மட்டும்தான். பாட்டி போன பிறகு?

நானூறு ஆண்டு கழித்து யாராவது வந்து தோண்டிப் பார்க்கட்டும் என்று விட முடியாது. இன்றைக்கே ஒரு படம் எடுங்கள். எந்த இடத்தில் எந்த லயம் இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டு, ஒரு தாளில் வரைபடம் போட்டு வையுங்கள். கங்காணி பெயர், கோயில் கட்டிய ஆண்டு, பள்ளி தொடங்கிய ஆண்டு என்று எழுதி, பள்ளி நூலகத்தில் ஒரு படி கொடுங்கள்.

சோழன் கப்பலேறி வந்தான், வென்றான், திரும்பிப் போனான். அது ஒரு பெருமை, இருக்கட்டும். நம் பாட்டன் கப்பலேறி வந்தான், உழைத்தான், இங்கேயே தங்கினான். வந்து போனவனுடைய கோட்டையைத் தேடிக் காட்டுக்குள் அலைகிற நாம், தங்கிவிட்டவனுடைய வீட்டைக் கண் முன்னே பறிகொடுக்கக் கூடாது. தங்கியவன் ஊரை அறிந்துகொள்ள வேண்டும். அந்த ஊருக்கு ஒரு பழைய கோட்டை உண்டு, ஓர் ஆறு உண்டு, நல்லதும் கெட்டதுமாக ஆண்ட அரசர்கள் உண்டு. அதை அறிந்தவனை யாரும் வந்தேறி என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அவனிடம் ஊரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வருவார்கள்.

அடுத்த விடுமுறைக்கு டெசாரு போகும்போது, பாதி வழியில் வண்டியைத் திருப்புங்கள். ஒரு மணி நேரம் அந்த மண் அணையின் மேல் பிள்ளைகளோடு நடந்துவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள்.